காலி நாற்காலிக்கு ஆள் வேண்டாம்

மோந்தெராசோ,
குருத்தோலை ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்புள்ள அண்ணன் கொர்ராதோவுக்கு,

தங்கை ஒர்னெல்லா, சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் நிலையில், அன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். வீடு நலம், குளியலறைக் குழாயைத் தவிர. சிப்பிகளும் நலம், கோல்கீப்பரின் இடது கைச் சுண்டுவிரலைத் தவிர. (நான் சொல்வது நம் கால்பந்து அணியை. நேற்று வாங்கிச் சமைத்து வைத்த நிஜச் சிப்பிகளைத் தார்சீசியோ இப்போதுதான் தின்று முடித்தான்.) நார்வேயில் உன் நலத்தையும் அங்குள்ள மழையின் நலத்தையும் அறிய ஆவல். நீ நலமாக இருக்க வேண்டும், நீண்ட காலம் இருக்க வேண்டும், வருகிற பெரிய வியாழன் முடியும் வரை குறிப்பாக அங்கேயே இருக்க வேண்டும் என்பது மைதானத்தில் நம் கடற்கரைக் கேலரி ரசிகர்களின் ஒருமித்த வேண்டுதல்.

உனக்கு ஈஸ்டர் விடுமுறை கிடைத்த செய்தி வந்தபோது நான் மருந்துக்கடையில் இருந்தேன். புதன்கிழமை விமானம், திங்கள் வரை இருப்பேன், வியாழன் ஆட்டத்தை நம் இடத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். வேதியியல் படித்துவிட்டு இருபது வருடமாகப் பிசகில்லாமல் மருந்து கொடுத்துவரும் நான், கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்ட பாதிரியாருக்குக் காலாணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கொடுத்து, அவர் வாய் திறப்பதற்கு முன்பே “ரொம்ப நன்றி” என்று நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை ஃபியோரெல்லாவிடம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். ஃபியோரெல்லாவிடம் சொல்வதும் கோயில் மணியில் கட்டி அடிப்பதும் ஒன்று. இன்று பூசை முடிந்ததும், மந்திரித்த ஒலிவக் கிளைகளைக் கையில் பிடித்தபடியே மூவரும் வந்துவிட்டார்கள். தலைமை குவால்தியேரோ மாமா. முப்பது வருடமாகக் கேலரியில் முரசு அடிக்கிறவர், வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவார்.

“அவன் வர்றானாமே,” என்றார், உட்காருவதற்கு முன்பே.

“யாரு மாமா?”

“அதான், வடக்கே இருக்கிறவன்.” சொன்ன கையோடு சட்டைப் பைக்குள் கையை விட்டு வீட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டார். தார்சீசியோ தன் சாவியைப் பிடித்துக்கொண்டான். ஃபியோரெல்லா சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். எட்டிப் போய் என் இரும்பு வாணலியைத் தொட்டாள்.

உனக்குத் தெரியாததில்லை. நம் கேலரியில் உன் பெயரை யாரும் உச்சரித்துப் பல வருடம் ஆகிறது. தவறிச் சொல்லிவிட்டால் இரும்பைத் தொட வேண்டும். சொல்லாமல் மனதில் நினைத்தாலும் தொட்டுவிடுவது நல்லது என்பது தார்சீசியோவின் கட்சி. அப்படிப் பார்த்தால் நான் நாள் முழுக்க வாணலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

“அவரு எனக்கு அண்ணன் மாமா,” என்றேன்.

“யாரு இல்லேன்னா? நல்ல பையன். தங்கமான பையன். தங்கத்த எட்டத்துலதான் வெச்சுப் பாதுகாக்கணும்.”

“சரி, போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“போன்ல சொன்னா அவன் அழுவான். நீயும் அழுவ. அப்பறம் ரெண்டு பேருமாச் சேந்து விமானம் எத்தனை மணிக்குன்னு பாப்பீங்க. கடுதாசி எழுது. கடுதாசி அழாது.”

தபாலில் போட்டால் உயிர்த்த ஞாயிறுக்குத்தான் வந்து சேரும் என்பதால், எழுதி முடித்ததும் இதைப் படம் பிடித்து என் போனிலிருந்து உனக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. அவர்கள் அனுப்ப முடியாது. உன் எண் அவர்களிடம் இல்லை. வைத்திருந்தால் போனுக்கு ஆகாதாம்.

ஆகவே எழுதுகிறேன். குற்றங்களை முதலிலிருந்து வரிசையாகச் சொல் என்கிறார் மாமா. காகித ஆலையை மூடிய வருடம் வேலை தேடி நீ ரயிலேறினாய் அல்லவா, அது ஒரு ஆட்ட நாள். உன் ரயில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள், அதுவரை மூன்றாம் பிரிவில் முட்டி தேய்த்துக்கொண்டிருந்த சிப்பிகள், ஜென்மத்தில் ஜெயித்திராத ஒரு அணிக்கு எதிராக மூன்று கோல் போட்டார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டாம் பிரிவு, பிறகு முதல் பிரிவு. நீ போனாய், அதிர்ஷ்டம் வந்தது. அதோடு விட்டிருந்தால் தற்செயல் என்று சொல்லித் தப்பித்திருப்பாய். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தாய். நம் கோல்கீப்பர் பந்தைக் கையால் எறியப் போய்த் தன் வலைக்குள்ளேயே எறிந்தான். எனக்கு விவாகரத்து ஆன வருடம் என்னைத் தேற்ற வந்தாய். இரண்டு கோல் முன்னிலையில் இருந்தபோது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து, நடுவருக்குத் தன் விசிலே தெரியாமல் போய், ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி ஆடவைத்து, நான்கு கோலில் தோற்றோம். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவனை ஊரே திரண்டு ரயிலேற்றிவிட்டது. மூன்றாம் தடவை நீ ஊருக்கே வரவில்லை, மிலானில் இறங்கி வேறு விமானம் ஏறினாய். அன்று நம் பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. “இத்தாலி மண்ணுல கால வெச்சாச்சு இல்ல,” என்றான் தார்சீசியோ, விஞ்ஞானி மாதிரி.

அடுத்தது நாற்காலி. நீ போன பிறகும் ஒவ்வொரு கோடையிலும் என் இருக்கையோடு உன் இருக்கையையும் நான் புதுப்பித்து வருகிறேன். டிக்கெட் அலுவலகத்துப் பெண் “இது யாருக்கு?” என்று கேட்பாள். “வருவார்” என்பேன். இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை. முதலில் அதன்மேல் என் கோட்டை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஜெயிக்க ஆரம்பித்ததும், அது காலியாக இருப்பதுதான் ராசி என்று யாரோ கண்டுபிடித்தார்கள். என் கோட்டை எடுக்கச் சொன்னார்கள். உன் பழைய மஃப்ளரை முதுகில் கட்டினார்கள். தார்சீசியோ பொரிக்கிற இறைச்சி அடைத்த ஒலிவக் காய்களில் முதல் காய் அந்த நாற்காலிக்குத்தான். அதைக் கடற்காகம் வந்து எடுக்க வேண்டும். இடைவேளைக்குள் எடுத்துவிட்டால் ஜெயம். எடுக்கத் தாமதித்தால் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். ஃபியோரெல்லா தன் கடைத் தூரிகையைக் கொண்டுவந்து தூசி தட்டுகிறாள். கார்னர் கிடைத்தால் மூன்று வரிசை தள்ளி இருப்பவர்கள்கூடக் கையை நீட்டித் தொட்டுக்கொள்கிறார்கள். இலையுதிர் காலத்தில் ஐரோப்பியப் போட்டிக்காக மைதானத்தைச் சோதிக்க வந்த ஒரு மேற்பார்வையாளர், நாற்காலிகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க அதில் போய் உட்கார்ந்தார். பாவம், மஃப்ளரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் உட்கார்ந்தார். மறுநாள் காலை கோல்கீப்பர் கார்க் கதவில் சுண்டுவிரலை வைத்து மூடிக்கொண்டான்.

இத்தனை பேர் அந்த நாற்காலி காலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரியை இதுவரை யாரும் கேட்கவில்லை. (இந்த வரியை அடிக்கச் சொல்கிறார் மாமா. அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.)

இனி ஐரோப்பா. போன மே மாதம் லீக்கில் ஆறாம் இடத்தில் முடித்து, பெரிய கோப்பைகளுக்கும் கீழே உள்ள அந்தக் குட்டிக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது, ஊர் மூன்று நாள் தூங்கவில்லை. பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். ஐரோப்பாவில் எத்தனை ஊர் இருக்கிறது. நீ வேலை பார்க்கிற ஊர் வந்தது. நான் மருந்துக்கடையின் பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மற்றவர்கள் தடுப்பாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் உனக்குப் பிடித்த தொத்திறைச்சியை விமானத்தில் விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். கேலரி கூடிப் பேசியது. ஆட்ட நாளில் நீ அந்த ஊரிலேயே இருக்கக் கூடாது, படகேறி ஏதாவது ஒரு தீவுக்குப் போய்விட வேண்டும், போனை அணைத்து வைக்க வேண்டும், ஆட்டம் முடிந்த பிறகுதான் திரும்ப வேண்டும். நீயும் போனாய். வேறு யாராக இருந்தாலும் போங்கடா என்று சொல்லியிருப்பார்கள். கொட்டும் மழையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, உன் சொந்த அணி உன் வாசலுக்கு வந்து ஆடுவதை நீ பார்க்காமல் இருந்தாய். இரண்டு கோலில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து நீ திரும்பியதும், எங்கள் பேருந்து விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன் உன்னைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் உன் ராசி ஒட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடாமல் இருக்க நம் இருவருக்கும் நடுவில் தார்சீசியோ குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். குடைக்கு மேலே உன் நெற்றி தெரிந்தது. குடைக்குக் கீழே உன் பூட்ஸ் தெரிந்தது. நடுவில் இருந்த அண்ணனை நான் பார்க்கவில்லை. முடி நரைத்திருக்கிறதா என்று பார்க்க முடிந்தது, நரைத்திருக்கிறது. இளைத்திருக்கிறாயா என்று தெரியவில்லை. நீ குடைக்கு அடியில் புகைபோட்ட மீன் பொட்டலத்தை நீட்டினாய், நான் தொத்திறைச்சியை நீட்டினேன், கடத்தல்காரர்கள் மாதிரி. உன் விரல் சில்லிட்டிருந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஐரோப்பா.

அந்த வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவில் எங்களை யாராலும் அசைக்க முடியவில்லை. போலந்துக்காரர்களை அவர்கள் ஊர்ப் பனியிலேயே வென்றோம். கிரேக்கர்களை இங்கே வென்றோம். ஆனால் உள்நாட்டு லீக் இருக்கிறதே அண்ணா, அது வேறு கதை. வீட்டில் புலி வெளியில் எலி என்பார்கள். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். சிப்பிகள் வியாழக்கிழமை இறுக மூடிக்கொள்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் போட்டது போல வாயைப் பிளந்துவிடுகின்றன. ஐரோப்பாவில் ஆடிவிட்டு விடியலில் ஊர் திரும்பும் பையன்களுக்கு ஞாயிறன்று கால் எழும்புவதில்லை. இப்போது பட்டியலில் கடைசி மூன்றில் இருக்கிறோம், அந்த மூன்றும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். நேற்று நமக்கும் கீழே இருக்கும் ஒரே அணியிடம் மூன்று கோலில் தோற்றோம். ரொட்டிக்கடைக்காரர் என்னிடம், “என்ன டாக்டரம்மா, வெளியூர்ல விருந்து, வீட்டுல பட்டினியா?” என்று கேட்டுவிட்டு ரொட்டியைப் பொட்டலம் கட்டாமலே கொடுத்தார்.

இதை நான் மாமாவிடம் சுட்டிக்காட்டினேன். “நேத்துக்கூட அந்த நாற்காலி காலியாத்தானே மாமா இருந்துச்சு? மூணு கோல் வாங்கினோமே?”

“லீக் வேற, ஐரோப்பா வேற. அந்த நாற்காலிக்கு வியாழக்கிழமைதான் ராசி.”

“அப்ப ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை லீவு. அதுவும் கிறிஸ்தவ நாற்காலிதானே.”

“நேத்து சனிக்கிழமை மாமா.”

“எழுது பொண்ணே, எழுது.”

எழுதுகிறேன். ஹாலந்தில் போன வியாழன் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடித்துவிட்டு வந்திருக்கிறோம். இந்த வியாழன் இங்கே ஜெயித்தால் அடுத்த படி. அந்தப் படியின் பெயரை எழுதக் கூடாதாம், அதனால் ‘அந்த இடம்’ என்று எழுதுகிறேன். நீயே யோசித்துப் பார். நம் ஊர் மைதானத்தில் பாதி விளக்குகள் கடல் உப்பில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அடுத்த வருடம் இரண்டாம் பிரிவுக்குப் போய்விடுவோம் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நல்ல ஆட்டக்காரர்களை யார் யார் வாங்கப்போகிறார்கள் என்று முடி வெட்டும் கடையில் பேச்சு முடிந்துவிட்டது. குவால்தியேரோ மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வியாழனோடு போனால், நம் ஆயுசில் ஐரோப்பா இன்னொரு முறை மோந்தெராசோவுக்கு வராது. அதற்கு எதிராக நீ கேட்பது ஒரே ஒரு இருக்கை. ஆகவே நீ வர வேண்டாம். விமானத்தைத் தள்ளிப் போட்டுவிடு.

“ஜூன்ல வரச் சொல்லு கண்ணு, கடல் நல்லா இருக்கும்,” என்கிறாள் ஃபியோரெல்லா.

“ஜூன்ல அவருக்கு லீவு கிடையாது அக்கா.”

“அப்ப அடுத்த ஜூன்.”

மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவர் மகன் மெல்போர்னிலிருந்து அடுத்த ஜூனில் வருகிறேன் என்று சொல்லி எத்தனையோ ஜூன் போய்விட்டது.

இந்த ராசியை நீ நம்புகிறாயா என்று என்னைக் கேட்பாய். நம்பவில்லை. ஆனால் நம்பாத ஒன்றை மீறித் தோற்றுவிட்டால், அதற்குப் பிறகு இந்த ஊரில் யார் முகத்தைப் பார்த்து இருமல் மருந்து விற்பது? ஒன்று மட்டும் சொல்கிறேன். கோல் விழுந்தவுடன் கேலரியில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிக்கொள்கிறார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்றில்லை. எனக்கு வலப்பக்கம் படிக்கட்டு. இடப்பக்கம் மஃப்ளர் கட்டிய நாற்காலி. ஒவ்வொரு கோலுக்கும் நான் இடப்பக்கம் திரும்பிக் கையை விரித்துவிடுகிறேன். பிறகு, விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல், கை தட்டிவிடுகிறேன். இந்த வருடம் வியாழக்கிழமைகளில் நிறையக் கோல் போட்டுவிட்டோம் அண்ணா.

(இதையும் அடித்துவிட்டேன்.)

உன் மெத்தையை வெயிலில் போட்டிருந்தேன். உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன். ஈஸ்டருக்குச் சொல்லிவைத்த ஆட்டுக்குட்டி இறைச்சியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிடுகிறேன். நீ கவலைப்படாதே. மழையில் நனையாதே. கடவுள் உன்னைக் காப்பாராக, நார்வேயிலேயே வைத்துக் காப்பாராக. கேலரியின் அன்பும், தார்சீசியோவின் அன்பும், ஃபியோரெல்லாவின் முத்தமும், குவால்தியேரோ மாமா பாதுகாப்பான தொலைவிலிருந்து தரும் ஆசியும் உனக்கு உரித்தாகுக.

இப்படிக்கு,
உன் தங்கை ஒர்னெல்லா
(மூவருக்கும் வாசித்துக் காட்டப்பட்டு, சரி என்று தலையாட்டப்பட்டது.)

பின்குறிப்பு: இது தாளின் மறுபக்கம். மூவரும் சேர்ந்து படியிறங்கிப் போனார்கள். காபிக் கோப்பைகளை நான் கழுவி முடிப்பதற்குள் தார்சீசியோ மட்டும் திரும்பி வந்தான். குடையை விட்டுவிட்டேன் என்றான். வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருக்கிறது. அவன் குடையே கொண்டுவரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அன்னிக்கு அங்க குடை புடிச்சேன் பாரு, அது இன்னும் தொண்டையிலயே நிக்குது. ஒரே பெஞ்சுல ஒக்காந்து படிச்சவன் நான். வரச் சொல்லு. நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிடாத, ஒலிவக் காய் ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

அவன் போன பிறகு ஃபியோரெல்லா போன் செய்தாள். “கண்ணு, அவன முடி வெட்டிக்காம வரச் சொல்லு. அந்த ஊர்ல எவனோ ஒருத்தன் காதோரம் கண்டபடி கத்தரிச்சு வெச்சிருக்கான், பஸ் ஜன்னல்ல இருந்தே பாத்தேன், வயிறு எரிஞ்சுது.” அப்படியானால் வரலாமா அக்கா என்று கேட்டேன். “நான் முடியப் பத்தி மட்டுந்தான் பேசறேன். மாமாகிட்ட மூச்சு விட்டுடாத,” என்று வைத்துவிட்டாள்.

பிறகு யாரோ கதவை மெதுவாகத் தட்டினார்கள். யாரென்று பிடிபடவில்லை. திறந்தால் குவால்தியேரோ மாமா. உள்ளே வரவில்லை.

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்ல மாமா.”

“வியாழக்கிழமை தோத்தா அவனாலதான்.”

“ஆமா மாமா.”

“அத அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். கடல் தாண்டி இருக்கிறவன போன்ல திட்டி என்ன சுகம்? சட்டையப் புடிச்சு, பக்கத்துல நிக்க வெச்சுத் திட்டணும். பக்கத்துல நின்னாத்தான் அது திட்டு.”

கை சட்டைப் பை வரை போனது. பைக்கு வெளியிலேயே நின்றது. சாவியை அவர் தொடவில்லை.

“கொர்ராதோவ வரச் சொல்லு,” என்றார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார். “மத்த ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம்.”

மெத்தையை உள்ளே எடுத்துவிட்டேன், உன் கட்டிலில் விரித்தாயிற்று. ஆட்டிறைச்சி குறையாது. ஆகவே, முன்பக்கத்தில் உள்ள எதையும் படிக்காதே, படித்திருந்தால் மறந்துவிடு. வா அண்ணா. வந்து எங்களைத் தோற்கடி.